புராஸ்டேட் சுரப்பிக்கு எலாஸ்டோகிராபி (திசு எவ்வளவு கடினம் என்று பார்க்கும் ஸ்கேன்) எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மேலூரான்:
பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 7 தாண்டியதும் அனுப்பிவிட்டார்கள். இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கணும், ஸ்கேன் குழாய் (புரோப்) ஆசனவாய்க்குள் போகும், அதெல்லாம் உங்களுக்கே தெரியும். வலி என்று பெரிதாக இல்லை. டாக்டர் நல்ல பேச்சுக்காரர். பென்ஷன் எவ்வளவு, பையன் எங்கே வேலை என்று கேட்டபடியே புரோபை லேசாக அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பினால் ஸ்கிரீன் தெரிந்தது. ஒரு பக்கம் சாதாரண சாம்பல் நிறப் படம், பக்கத்திலேயே கலர் படம். சாம்பலில் ஒன்றுமே இல்லை. கலரில் அடிப்பக்கம் ஓரமாக ஒரு நீலத் திட்டு. டாக்டர் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. படத்தை நிறுத்தி அளவெடுத்தார், திரும்ப அழுத்தினார், திரும்ப அளவெடுத்தார். பையனைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவர் காதில் விழவே இல்லை.
பயாப்ஸியில் (ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது) வழக்கமான 12 ஊசியோடு அந்தத் திட்டில் தனியாக 2 எடுத்தார்கள். அங்கேதான் புற்று இருந்தது. கிளீசன் (புற்றின் வீரியத்தைச் சொல்லும் எண்) 3+4.

வசந்தி அக்கா:
நீலமா? தம்பி, சிவப்புதான் கடினம். நீலம் என்றால் மென்மை. உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ரிப்போர்ட்டிலேயே சிவப்பு என்று போட்டு கடினத்தின் அளவு 60 கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தது. பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை ராத்திரி அவர் தூங்கினதும் அந்தப் படத்தை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடைசியில் புற்று இல்லை, பழைய அழற்சியும் சுண்ணாம்புப் படிவும்தான் என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சிவப்பு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஸ்கேன் ரூம்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான், சண்டை வேண்டாம். அண்ணனுக்கு எடுத்தது ஸ்ட்ரெயின் வகை, கையால் அழுத்துவது. அதில் பல மெஷின்களில் நீலம்தான் கடினம். அக்கா வீட்டில் எடுத்தது ஷியர் வேவ். மெஷினே அலையை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து எண் சொல்லும். அதில் சிவப்பு கடினம். படத்தின் ஓரத்தில் கலர் பட்டை இருக்கும், முதலில் அதைப் பார்க்கணும். ஷியர் வேவில் 35 கிலோபாஸ்கலைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். ஆனால் கல்லும் அழற்சியும்கூடக் கடினமாகவே காட்டும். புரோபை அதிகமாக அழுத்தினாலும் அப்படித்தான். அதனால் ஊசி போட்டுப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள்.
என்னை உறுத்துவது வேறு. ஒரு பெரியவருக்குக் கலர் அவ்வளவு சுத்தமாக வந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அப்புறம் எம்ஆர்ஐயில் சுரப்பியின் முன்பக்கம் கட்டி தெரிந்தது. பெரிய சுரப்பி என்றால் அவ்வளவு ஆழத்துக்கு இது சரியாக எட்டாது.

ஓய்வு_ஹெச்எம்:
எனக்கும் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அதை விடுங்கள். எல்லோரும் கவனிக்க வேண்டியது பிஎஸ்ஏ. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை சில மாதம் எடுத்தாலே பிஎஸ்ஏ பாதியாகிவிடும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் இரட்டிப்பாக்கிக் கணக்குப் போடுவார். சிறுநீரில் கிருமி இருந்தால் எகிறும், அது ஆறி சில வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். முந்தின நாள் சைக்கிள் மிதிக்க வேண்டாம். பயாப்ஸிக்கு முன்னால் எம்ஆர்ஐ கேளுங்கள், தெரிந்த இடத்தைக் குறிவைத்து ஊசி போடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடணும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. மேலூரான் தம்பி, நீங்கள் முதலில் பிஎஸ்ஏவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுங்கள்.

மேலூரான்:
ஐயா, எனக்கு ஆபரேஷன் முடிந்து டியூப்கூட எடுத்தாச்சு.