பேஷன் துறை வேலைக்குக் கவர் லெட்டர்: லெஸ்டருக்கு வந்திருக்கும் நகரித் தம்பிக்கு

தம்பி, பிரிட்டனின் லெஸ்டர் நகரில் வேலை தேட நீங்கள் இங்கே போட்ட கவர் லெட்டர் (விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம்) வரைவைப் படித்தேன். "சிறுவயதிலிருந்தே எனக்குப் பேஷன் மீது பேரார்வம்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது. விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தது, திருப்பூரில் பின்னலாடைத் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தது, இரண்டையும் கடைசிப் பத்தியில் ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். அவைதான் முன்னால் வரவேண்டும். நானும் ஆந்திராவில் உங்கள் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்துக்காரன். தறிச் சத்தத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் வெளிநாட்டில் அதைச் சொல்லத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்காகப் பரம்பரைப் பெருமை பேச வேண்டாம். வேலைக்கு எடுப்பவருக்கு உங்கள் கைக்கும் கண்ணுக்கும் என்ன தெரியும் என்பதுதான் முக்கியம். பாவில் (நெடுக்கு நூலில்) இழை அறுந்தால் துணியில் எங்கே தெரியும், ஊடை (குறுக்கு நூல்) அடர்த்தி குறைந்தால் துவைத்த பிறகு என்ன ஆகும் என்பதெல்லாம் பள்ளி வயதிலேயே உங்களுக்குத் தெரியும். திருப்பூரில் ஜி.எஸ்.எம். அளவு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), துவைத்தபின் சுருக்கம், சாயம் நிற்கிறதா என்ற சோதனை, ஏ.க்யூ.எல். 2.5 ஆய்வு (மாதிரிகளை எடுத்து, குறைகள் ஏற்கத்தக்க அளவுக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பது) ஆகியவற்றைச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இவற்றை வரிசையாக அடுக்கினால் அது பயோடேட்டாவாகிவிடும். கடிதத்துக்கு ஒரு சம்பவம் போதும். குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் ஒன்றைப் பற்றிச் சொன்னீர்களே, அதையே எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி: "துவைத்துப் பார்த்தபோது நீளம் அனுமதித்த அளவைவிட அதிகமாகச் சுருங்கியது. காம்பாக்டிங் சரியாக நடக்கவில்லை என்று கண்டறிந்து, துணி வெட்டுக்குப் போகும் முன்பே நிறுத்தினேன்." (காம்பாக்டிங் என்பது, துணி பிறகு சுருங்காதபடி முன்கூட்டியே இயந்திரத்தில் நெருக்கிவிடுவது.) இரண்டு வாக்கியத்தில் உங்கள் அறிவும் பொறுப்பும் தெரிந்துவிடுகின்றன.

அடுத்தது, அந்த நிறுவனத்தைப் பற்றிய பத்தி. "உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்" என்று எழுதினால், ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டத்தின்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்கள், கொத்தடிமை முறை, கட்டாய உழைப்பு ஆகியவற்றைத் தங்கள் விநியோகத் தொடரில் தடுக்க என்ன செய்கிறோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அது அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். எந்த நாடுகளில் துணி வாங்குகிறார்கள், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது பல அறிக்கைகளில் தெளிவாகத் தெரியும். பெரிய பிராண்டுகள் பலவும் தொழிற்சாலைப் பட்டியலையும் வெளியிடுகின்றன. அதில் தமிழ்நாடு இருந்தால், திருப்பூரில் ஆய்வு எப்படி நடக்கிறது என்பதை நேரில் அறிந்தவர் நீங்கள். தமிழ், தெலுங்கு இரண்டும் பேசுவீர்கள். சோர்சிங் (கொள்முதல்) குழுவுக்கு இது பெரிய உதவி. தயங்காமல் எழுதுங்கள்.

வேலையின் பெயரைப் பார்த்து மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். திருப்பூரில் மெர்ச்சன்டைசர் என்றால் பையரின் (வாங்கும் நிறுவனத்தின்) ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மென்ட் வரை பின்தொடர்பவர். பிரிட்டனில் அவர் பெரும்பாலும் விற்பனைக் கணிப்பு, சரக்கு இருப்பு, பட்ஜெட் ஆகியவற்றைப் பார்க்கிறார். உங்கள் அனுபவத்துக்குக் கார்மென்ட் டெக்னாலஜிஸ்ட் (ஆடையின் அளவு, தரம், தயாரிப்பைக் கவனிப்பவர்) உதவியாளர், குவாலிட்டி உதவியாளர் போன்ற பணிகளே நெருக்கமானவை. ஆடை விற்கும் நெக்ஸ்ட் நிறுவனத்தின் தலைமையகம் லெஸ்டரை ஒட்டிய எண்டர்பியில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.

டிசைன் பணிக்கும் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். காளஹஸ்தி கலம்காரி (இயற்கைச் சாயத்தில் துணியில் கையால் வரையும் ஓவியம்) படங்களைப் போர்ட்ஃபோலியோவில் வைப்பது நல்லதுதான். ஆனால் கடிதத்தில் "பாரம்பரியக் கலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் நனைப்பது, வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் ஊறவைத்துக் கறுப்பு எடுப்பது, சிவப்பு பிடிக்கப் படிகாரம் இடுவது என்று செய்முறையைச் சொல்லுங்கள். இயற்கைச் சாயத்தில் அக்கறை உள்ள டிசைனர் அந்த வரியில் நின்று படிப்பார். அதில் நீங்கள் செய்தது எது, கலம்காரிக் கைவினைஞர் செய்தது எது என்பதைப் பிரித்து எழுதுவது கட்டாயம். அவர்களுடைய உழைப்பு நம் பெயரில் போகக்கூடாது.

மற்றவை சுருக்கமாக. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை, மதம் எதுவும் வேண்டாம். நம் ஊரில் அடியில் எழுதும் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழியும் இங்கே கேட்கப்படுவதில்லை. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்காமல், பெயர் தெரிந்தால் பெயரையே எழுதுங்கள். யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விசா விஷயத்தை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். கிராஜுவேட் விசாவில் (இங்கே படித்து முடித்தவர்களுக்குத் தருவது) இருப்பவரை வேலைக்கு எடுக்க நிறுவனத்துக்கு ஸ்பான்சர் உரிமம் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அனுமதி) தேவையில்லை. சிறிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு இது தெரிவதில்லை. விசா எந்த மாதம் வரை செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய வரைவை, பழைய நிறுவனத்தின் பெயரையும் பையரின் பெயரையும் நீக்கிவிட்டு, இங்கேயே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.