ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடிச்ச பிள்ளைக்கும் கரப்பான் ஏன் வருது?

செல்லூர்_தாய்:
பையனுக்கு எட்டு மாசம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கலை. கன்னத்துல வந்த சிவப்பு இப்ப கைகால் எல்லாம் பரவி, ராத்திரி சொறிஞ்சே முழிச்சுக்கிறான். அவங்கப்பாவுக்குச் சின்ன வயசுல வீசிங், எனக்குக் காலையில அடுக்குத் தும்மல். "நீ தின்ன கருவாடும் கத்திரிக்காயும்தான் பால்ல இறங்கிருச்சு"ங்கிறாங்க வீட்டுல. பத்தியமா ரசஞ்சோறு மட்டும் சாப்பிடுறேன். பாலை நிறுத்திடவா?

வைகைக்கரை_நர்ஸ்:
நிறுத்தாதீங்கம்மா. வீசிங், தும்மல், கரப்பான் மூணும் ஒரே குடும்பத்துப் பிரச்சினை. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு இன்னும் கூடும். தோலை இறுக்கமா வைக்கிற பிலாக்ரின்ங்கிற புரதத்தோட மரபணு சில குடும்பங்கள்ல குறையோட இருக்கும். கரப்பானுக்கும் அதுக்கும் உள்ள தொடர்பு 2006-லயே தெரிஞ்சுபோச்சு. காரை பெயர்ந்த சுவர் மாதிரி, உள்ள இருக்கிற ஈரம் வெளியேறும், வெளியில இருக்கிறது உள்ள இறங்கும். தாய்ப்பால் வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல்ல இருந்து காப்பாத்தும். மரபணுவை அது மாத்தாது. நீங்க கொடுத்த பால்ல ஒரு குறையும் இல்லை.

பத்தியத்தையும் விடுங்க. குறிப்பிட்ட ஒண்ணைச் சாப்பிட்டா ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு வாந்தி, மலத்துல ரத்தம், தடிப்புன்னு வந்தா மட்டும், டாக்டர் சொல்லி, அதை ரெண்டுலருந்து நாலு வாரம் நிறுத்தி, திரும்பச் சேர்த்துப் பாக்கணும். வெறும் ரசஞ்சோத்துல உங்க உடம்புதான் கரையும்.

திருமங்கலம்_தோல்பிரிவு:
இனி என்ன செய்யணும்னு பாப்போம். குளிப்பாட்ட வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு பத்து நிமிஷம், அவ்வளவுதான். நலங்கு மாவு, கடலை மாவு, பயத்தமாவு வேண்டவே வேண்டாம். புண்ணான தோல் வழியா உணவுப் புரதம் போனா அதுக்கே அலர்ஜி உண்டாகலாம். வாய் வழியாப் போனாப் பழகிக்கும். நம்ம ஊருல இதைத்தான் யாரும் கவனிக்கிறதில்லை. குளிப்பாட்டினதும் சாம்பிராணிப் புகையும் காட்டாதீங்க, வீசிங் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஆகாது.

துண்டால ஒத்தி எடுத்து, தோல் ஈரமா இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்க. உடம்பு முழுக்க இருந்தா வாரத்துக்கு 100 கிராமுக்குக் குறையாமச் செலவாகும். கண்ணுக்குத் தெரியாத அளவு தடவினாப் பலன் இல்லை.

ஸ்டீராய்டு கிரீமுக்குப் பயந்து ரெண்டாம் நாளே நிறுத்துறதாலதான் திரும்பத் திரும்ப வருது. டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்க. பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினா அரை கிராம். அது விரல்களோட சேர்த்து பெரியவங்க ரெண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். மெடிக்கல்ல கேட்டு வாங்குற மூணு நாலு மருந்து கலந்த கிரீமைத் தொடாதீங்க, அதுல வீரியமான ஸ்டீராய்டு இருக்கும்.

மஞ்சளாப் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சலோட சின்னச் சின்னக் கொப்புளம் வந்தாலோ அன்னைக்கே காட்டணும். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில தோல் பிரிவு இருக்கு.

செல்லூர்_தாய்:
ரொம்ப நன்றிக்கா. முட்டை, நிலக்கடலை ஆரம்பிக்கலாமா? தேங்காயெண்ணெய் போடலாமா?

வைகைக்கரை_நர்ஸ்:
தள்ளிப்போட்டா அலர்ஜி குறையும்னு முன்னாடி நினைச்சாங்க. சீக்கிரம் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கடலை அலர்ஜி ரொம்பக் குறைவுன்னு 2015-ல வந்த லீப் ஆய்வு காட்டுச்சு. ஆனா இவனுக்குக் கரப்பான் கடுமையா இருக்கிறதால, முதல் தடவை கொடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கோங்க. கடலையை நைசா அரைச்சுக் கஞ்சியில கரைச்சுக் கொடுங்க, முழுசாக் கொடுத்தாப் புரையேறும். முட்டை நல்லா வெந்திருக்கணும்.

தேங்காயெண்ணெய் தாராளமாப் போடலாம், மாய்ஸ்சரைசருக்கு மேல. கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் வேண்டாம்.