காசு கொடுத்து வாங்கிய சனி

குழு: தஞ்சாவூர் வீடு
சனிக்கிழமை, மாலை 6.50

மீனா: (படம்)

மீனா: அப்பாவின் பீரோவைக் குடைந்தபோது கிடைத்தது. 1993. நடுவில் சாவியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. சுற்றி நின்று கைதட்டுகிறவர்கள் யார்?

அருண்: மாமாவுக்கு ஏதோ விருது கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

லலிதா அத்தை: விருதெல்லாம் இல்லை அருண். கார் வாங்கினோம். அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

சுந்தரம் மாமா: அந்த ஷோரூம்களில் அது வழக்கம். சாவி கொடுக்கும் நேரத்தில் கணக்கு எழுதுகிறவர், மெக்கானிக் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வட்டமாக நின்று கைதட்டுவார்கள். படமும் எடுத்துக் கொடுப்பார்கள். என் கல்யாணத்தில்கூட எனக்காக யாரும் அப்படித் தட்டியதில்லை.

லலிதா அத்தை: தட்டுகிற மாதிரி நீங்கள் அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

அருண்: மாமா, வண்டியின் முன்னால் இருக்கிற சின்னத்தை நான் எங்கேயும் பார்த்ததே இல்லையே. சிவப்புச் சதுரத்துக்குள் வளையம் போட்ட கோள்.

சுந்தரம் மாமா: சாட்டர்ன். எஸ்எல்2, முந்தின வருடமே விற்பனைக்கு வந்துவிட்ட 1994 மாடல், கரும்பச்சை. ஜெனரல் மோட்டார்ஸ் என்கிற பெரிய அமெரிக்கக் கார் கம்பெனி தனியாகத் தொடங்கிய கம்பெனி. 2010இல் மூடிவிட்டார்கள். வண்டி மட்டும் இன்னும் என் வாசலில் நிற்கிறது. இங்கே காலை பதினொரு மணிக்கு ஒரு பையன் விலைக்குக் கேட்டு வருகிறான்.

மீனா: அதற்காகத்தான் சிகாகோவிலிருந்து நான் நாஷ்வில் வந்திருக்கிறேன். கடைசி நிமிடத்தில் அப்பா மனம் மாறிவிடக் கூடாது.

கமலா: அண்ணா, அந்தச் சனி வண்டியா? இன்னுமா ஓடுகிறது?

அருண்: சனி வண்டியா? அம்மா, என்ன இது?

கமலா: நீ பிறக்கவே இல்லை அப்போது. அண்ணன் அமெரிக்காவிலிருந்து போன் செய்து கார் வாங்கியதாகச் சொன்னார். பேர் என்ன என்று பாட்டி கேட்டார்கள். சாட்டர்ன் என்றார். அப்படியென்றால் என்ன என்று பாட்டி என்னைக் கேட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? சனி கிரகம் என்று சொல்லிவிட்டேன். "காசைக் கொடுத்துச் சனியனை விலைக்கு வாங்கினான் என்பார்களே, என் பிள்ளை நிஜமாகவே வாங்கிவிட்டானே" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சுந்தரம் மாமா: கிரகத்தை வைத்து வைத்த பேர் இல்லை அம்மா, சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய ராக்கெட்டின் பேர் என்று நிமிடத்துக்கு இத்தனை டாலர் என்று கொடுத்து விளக்கினேன்.

கமலா: "சந்திரனுக்குப் போகிறவனுக்குச் சனி எதற்கு?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையே திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றி, திருநீறு வாங்கி வந்து தபாலில் அனுப்பினோம்.

சுந்தரம் மாமா: இன்றுவரை அது வண்டியின் கைப்பெட்டியில்தான் இருக்கிறது.

மீனா: அம்மா, எலுமிச்சம்பழக் கதையைச் சொல்லுங்கள்.

லலிதா அத்தை: என்ன பெரிய கதை. ஷோரூமை விட்டு வண்டி கிளம்பும்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். விற்ற பையனின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் அடிக்கடி மக்கர் செய்கிற ஓட்டை வண்டியை எலுமிச்சை என்றுதான் திட்டுவார்களாம். எனக்கு என்ன தெரியும்? வாங்கிய அன்றைக்கே குறை சொல்கிறோம் என்று நினைத்து அவன் மேலாளரைக் கூட்டி வந்துவிட்டான். பிறகு இங்கே கணேசர் கோயிலில் முறையாகப் பூசை போட்டோம்.

ரவி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அண்ணா, அந்த வண்டியை ஒருவழியாக விற்கிறீர்களா! டெட்ராய்ட் பக்கம் முப்பது வருடம் உதிரிபாகத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு பணத்தையும் அவ்வளவு நல்லெண்ணத்தையும் ஒருசேர வீணடித்த கதை இந்த ஊரில் இன்னொன்று கிடையாது.

அருண்: சின்ன மாமா, சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ரவி: ஜப்பானிய சிறிய கார்கள் அமெரிக்கச் சந்தையைத் தின்றுகொண்டிருந்த காலம். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ராஜர் ஸ்மித், 1985 ஜனவரியில் சாட்டர்னை அறிவித்தார். தாய்க் கம்பெனியின் பழைய பழக்கம் எதுவும் ஒட்டக் கூடாது என்று தலைமையகம் இருக்கிற டெட்ராய்ட்டை விட்டு வெகுதூரத்தில், டென்னசியில் ஸ்பிரிங் ஹில் என்கிற சிற்றூரில் ஆலை கட்டினார்கள். அண்ணன் வீட்டிலிருந்து பக்கம்தான். மற்ற ஊர்களின் ஆலைகளிலிருந்து தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்தார்கள். வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கும் நிர்வாகத்தில் பங்கு. முதல் கார் வெளிவந்தது 1990 ஜூலை 30. ஸ்மித் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு. அறிவித்ததற்கும் கார் வந்ததற்கும் நடுவில் ஐந்தரை வருடம். அதற்குள் ஜப்பான்காரன் இன்னும் இரண்டு படி ஏறிவிட்டான்.

சுந்தரம் மாமா: வந்த பிறகு நடந்ததையும் சொல் ரவி. 1991இல் குளிரூட்டும் திரவம் ஒரு தொகுப்பில் கெட்டுப்போயிருந்தது. எஞ்சினை அரித்துவிடும். மற்றவர்களாக இருந்தால் எஞ்சினைக் கழுவிக் கொடுத்திருப்பார்கள். இவர்கள் சுமார் 1,800 பேருக்கு முழுக் காரையே மாற்றிக் கொடுத்தார்கள்.

ரவி: உண்மைதான். ஆனால் கையைக் கடிக்கிற உண்மை.

அருண்: மாமா, ஊரில் இத்தனை கார் இருக்கும்போது இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

சுந்தரம் மாமா: அதைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. அதற்கு முன் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு விலை, வாயைத் திறந்ததும் இன்னொரு விலை. "மேலாளரைக் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போவான், கால் மணி நேரம் காக்க வைப்பான், நூறு டாலரைக் குறைத்துவிட்டு ஏதோ தர்மம் செய்தது போல் நிற்பான். நான் ஏமாந்தேனா இல்லையா என்றே தெரியாமல் வீட்டுக்கு வருவேன். சாட்டர்னில் கண்ணாடியில் ஒட்டியிருந்ததுதான் விலை. பேரம் கிடையாது. எனக்கு முன்னால் நின்ற வக்கீலுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். என் உச்சரிப்புக்குத் தனி விலை இல்லை.

லலிதா அத்தை: எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. கீழவாசலில் கத்தரிக்காயில் தொடங்கி கொத்தமல்லிக் கொசுறு வரை பேசி வாங்கியவள் நான். 11,000 டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு ஒரு கால் மிதியடி இனாமாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்கிறான்.

ரவி: அண்ணி, நீங்கள் மட்டும் ஷோரூம் வைத்திருந்தால் கம்பெனி இன்றைக்கும் இருந்திருக்கும்.

கமலா: அண்ணா, அந்தக் கார்த் திருவிழாவுக்குப் போனதாக ஒரு கடிதம் எழுதினீர்களே?

சுந்தரம் மாமா: 1994 ஜூன். வண்டி வாங்கியவர்கள் எல்லோரையும் ஆலைக்கு விருந்தாளியாக அழைத்தார்கள். சுமார் 44,000 பேர் வந்தார்கள். எங்கெங்கிருந்தோ நாள் கணக்கில் ஓட்டி வந்திருந்தார்கள். காரோடு வந்து, காரைச் செய்தவர்களைப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டுப் போவதற்கு! மழை வேறு. சேற்றில் செருப்பு புதைந்தது. ஆலைக்குள் ஒரு பெண் தொழிலாளி, கதவு பொருத்துகிறவர், என் வண்டியின் நிறத்தைக் கேட்டார். கரும்பச்சை என்றதும் "அப்படியானால் நான் தொட்டிருப்பேன்" என்றார். எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

லலிதா அத்தை: அந்தக் கூட்டத்தில் புடவை கட்டியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். தயிர்சாதம் கொண்டு போனோம்.

மீனா: கதவு என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஓட்டப் பழகியபோது எதிர்வீட்டுத் தபால் பெட்டி சாய்ந்து கிடந்ததே, அது காற்று செய்த வேலை இல்லை.

அருண்: இடித்தால் கதவு நசுங்கியிருக்குமே?

மீனா: அதுதான் வேடிக்கை. கதவும் மட்கார்டும் பிளாஸ்டிக். உள்ளே போய்விட்டு அப்படியே வெளியே வந்துவிட்டது. சாட்சியே இல்லை. விளம்பரத்தில்கூட இதைத்தான் காட்டுவார்களாம்.

சுந்தரம் மாமா: எனக்கு அன்றைக்கே தெரியும். கதவில் தபால் பெட்டியின் வெள்ளைப் பெயின்ட் இருந்தது. இரவில் துடைத்துவிட்டேன்.

மீனா: அப்பா!

ரவி: பக்கங்கள் மட்டும்தான் பாலிமர். பானெட், கூரை, டிக்கி எல்லாம் இரும்புத் தகடு. உள்ளே ஓர் எஃகுக் கூடு, அதன்மேல் இந்தத் தகடுகளைப் பொருத்தியிருப்பார்கள். வெயிலில் பிளாஸ்டிக் விரியும். அதற்காகத் தகடுகளுக்கு நடுவே சந்து பெரிதாக விட்டார்கள். பார்க்கிறவர்கள் வேலை சுத்தமில்லை என்றார்கள்.

சுந்தரம் மாமா: இங்கே ஒரு பட்டறைக்காரரும் அப்படித்தான் நினைத்தார். வேறு ஏதோ வேலைக்கு விட்டிருந்தேன். "கதவுச் சந்துகளையும் நெருக்கிக் கொடுத்திருக்கிறேன், காசு வேண்டாம்" என்று பெருமையாகச் சொன்னார். ஜூலை மாத வெயிலில் ஓட்டுநர் கதவு திறக்கவில்லை. அரிசி மூட்டையைத் தாண்டி மறுபக்கம் ஏறி இறங்கினேன், ஒரு வாரம்.

அருண்: அப்படிப்பட்ட கம்பெனி ஏன் மூடப்பட்டது?

ரவி: 1994இல் சுமார் 2,86,000 கார் விற்றார்கள். அதுதான் உச்சம். அந்த நேரத்தில் புது மாடல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸுக்குள் மற்றப் பிரிவுகளுக்கு இவன்மேல் பொறாமை, "எங்கள் பணத்தைத் தின்கிறான்" என்று. வீடு வாங்கி, குழந்தை பெற்று, பெரிய வண்டி தேடிய வாடிக்கையாளருக்குக் காட்ட ஷோரூமில் அதே சிறிய காரைத் தவிர வேறு இல்லை. கொஞ்சம் பெரிய எல் வரிசை வந்தது 2000 மாடலில். அதுவும் ஐரோப்பாவின் ஓப்பல் வெக்ட்ராவை மாற்றியமைத்தது, செய்தது டெலவேரில். ஸ்பிரிங் ஹில் காரர்கள் செய்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. சங்கத்தோடு போட்டிருந்த தனி ஒப்பந்தம் போயிற்று, பிளாஸ்டிக் கதவு போயிற்று. பேர்ப்பலகை மட்டும் மிஞ்சியது.

சுந்தரம் மாமா: பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டு அரிசி பருப்பை நிறுத்திய மாதிரி. நான் முப்பது வருடமாக இதைத்தான் சொல்கிறேன்.

ரவி: அதற்காக வண்டியும் முழு யோக்கியம் இல்லை அண்ணா. அந்த 1.9 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. பிஸ்டன் வளையத்தில் ஆயில் வடிந்து திரும்பப் போதிய வழி இல்லை. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தவன் பிழைத்தான். பார்க்காதவன் எஞ்சினை இழந்தான்.

அருண்: கடைசி நேரத்தில் யாராவது வாங்க வரவில்லையா?

ரவி: வந்தார். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது, பந்தயக் கார் உலகத்தில் பேர் பெற்ற ராஜர் பென்ஸ்கே வாங்குவதாக ஒப்புக்கொண்டார். அவரிடம் ஷோரூம் உண்டு, ஆலை கிடையாது. வேறொரு கம்பெனி காரைச் செய்து தர வேண்டும். அந்தக் கம்பெனி கைவிரித்தது. செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கே விலகினார். கல்யாண மண்டபம் வரை வந்து நின்றுபோன சம்பந்தம். அறிவிப்பிலிருந்து கணக்குப் போட்டால் 25 வருடம். சனி ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை.

கமலா: பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை. கம்பெனி முடிக்காவிட்டால் என்ன, என் பிள்ளையின் வண்டி ஒரு சுற்று முடித்துவிட்டதே" என்கிறார்கள்.

அருண்: அந்த ஆலை இப்போது?

சுந்தரம் மாமா: அங்கேயேதான் இருக்கிறது. இப்போது கேடிலாக் மின்சாரக் கார் செய்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பையன் வந்துவிட்டான், பிறகு வருகிறேன்.

இரவு 10.35

மீனா: விற்றாகிவிட்டது.

அருண்: எவ்வளவுக்கு?

மீனா: அப்பா கண்ணாடியில் 900 டாலர் என்று எழுதி ஒட்டியிருந்தார். பேரம் இல்லை என்று கீழே அடிக்கோடு வேறு. கல்லூரிப் பையன். வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். முதலில் ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தான், அது ஒட்டாமல் விழுந்ததும் அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அப்பாவுக்கு அந்த நிமிடமே அவனைப் பிடித்துவிட்டது.

லலிதா அத்தை: பையன் ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. 900 டாலரை எண்ணி நீட்டுகிறான். உங்கள் மாமா தானாகவே 150ஐத் திருப்பிக் கொடுக்கிறார்!

சுந்தரம் மாமா: அது விலைக்குறைப்பு இல்லை. ஆயில் வாங்குவதற்கு.

லலிதா அத்தை: 150 டாலருக்கு ஆயிலா?

ரவி: அந்த எஞ்சினுக்கு அது நியாயமான மதிப்பீடுதான் அண்ணி.

கமலா: அண்ணா, திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டீர்களா என்று பாட்டி கேட்கிறார்கள்.

மீனா: அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கமலா: "இருக்கட்டும் விடு, இனிமேல் ஓட்டப்போகிறவன் அந்தப் பிள்ளைதானே" என்கிறார்கள் பாட்டி.

இரவு 11.10

லலிதா அத்தை: அந்தப் பையன் போன் செய்திருக்கிறான். கைப்பெட்டியில் காகிதத்தில் மடித்த சாம்பல் இருக்கிறதே, இறந்துபோன யாருடையதாவதா, திருப்பிக் கொண்டுவந்து தரட்டுமா என்று பயந்து பயந்து கேட்கிறான். உங்கள் மாமா இருபது நிமிடமாக விளக்கிக்கொண்டிருக்கிறார். திருநள்ளாறு முடிந்தது. இப்போது ராக்கெட்டில் இருக்கிறார்.