புதுப்பிப்பு: டிராவிஸ் ஹன்டர் – ரிசீவரா, கார்னர்பேக்கா?

அமெரிக்கக் கால்பந்து லீகான NFL-ன் 2025 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி 2-வதாக எடுத்த ஹன்டரை எங்கே ஆடவிடலாம் என்று அந்த சீசனுக்கு முன்னால் கேட்டிருந்தேன்: ஓடிப்போய் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவா, எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்காகவா? ஆளுக்கொரு பக்கம் நின்றீர்கள். இரண்டும்தான் என்று அடம் பிடித்தவர்களும் உண்டு.

சீசன் அவருக்கு 7 ஆட்டங்களோடு முடிந்தது. அக்டோபர் கடைசியில் பயிற்சியின்போது முழங்காலில் அடி, நவம்பரில் அறுவை சிகிச்சை. 28 கேட்ச், 298 யார்டு, 1 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது). அதில் 101 யார்டு லண்டன் வெம்ப்லி மைதானத்தில் ராம்ஸ் அணிக்கு எதிராக வந்தது (அணி 35-7 என்று உதை வாங்கியது வேறு விஷயம்).

"ரெண்டு பக்கமும் ஆடவிட்டதால்தான் கால் போச்சு" என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. என் கவலை, ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் நேரம். ரிசீவர் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரிந்தே ஓடுகிறார். கார்னர்பேக் பின்னோக்கி நகர்ந்தபடி, எதிராளியின் இடுப்பைப் பார்த்து அதை யூகிக்க வேண்டும். புது ஆளுக்கு இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் எது உருப்படியாக நிற்கும்?

என் ஓட்டு: கார்னர்பேக் முழுநேரம், மூன்றாவது டவுனிலும் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எண்ட் ஸோன் பக்கத்திலும் மட்டும் ரிசீவர். மாற்றுக் கருத்து இருந்தால் வாங்க, பேசலாம்.