ஒகேனக்கல் பாறை இடுக்கில் பரிசலில் ஒரு பகல்

ஒகேனக்கல்லுக்கு எப்போது போகலாம் என்று இங்கே எழுதிய பலரும் ஆடி மாத வெள்ளத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அருவி பார்க்க அது சரியான நேரம். ஆனால் பரிசலில் பாறை இடுக்குக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் தண்ணீர் அடங்கிய நாளாகப் பார்த்து வாருங்கள் என்பேன். நான் தருமபுரிக்காரன். அம்மா, தங்கை, தங்கை மகள் மூவரையும் கூட்டிக்கொண்டு நல்ல கோடையில் போனேன். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது காடு முழுக்கக் காய்ந்து கிடந்தது. இலை இல்லாத மரமும் சூடேறிய பாறையும்தான். நடுவில் காவிரி மட்டும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

சின்னாறு பரிசல்துறையில் டிக்கெட் எடுத்து லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். பரிசல் ஓட்டி ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடைக்கு எடை எதிரெதிரே உட்கார வைத்தார். “அம்மா, நீங்க இந்தப் பக்கம். பாப்பா நடுவுல. போட்டோ எடுக்கக்கூட யாரும் எந்திரிக்கக் கூடாது.”

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மூங்கில் பட்டையை முடைந்து, அடியில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டித் தார் பூசியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தியிருந்தார்களாம். ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். அவர் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை முன்னால் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தார். இடது பக்கம் ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு இழுப்பு. அந்த மணிக்கட்டைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் பாறை உயர்ந்துகொண்டே வந்தது. இங்குள்ள பாறைகளில் கார்பனடைட் என்ற அரிய வகையும் உண்டு. பூமிக்கு அடியில் உருகிய குழம்பிலிருந்து உருவான பாறை அது, வயது சுமார் 240 கோடி ஆண்டு. எங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் பாறையின் நிறம் மாறியிருந்தது. அவர் துடுப்பால் அதைக் காட்டி, “2018 வெள்ளத்துல இதெல்லாம் தண்ணிக்குள்ள” என்றார். அந்த ஆகஸ்டில் நீர்வரத்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தொட்டது. அதே இடத்தில் இப்போது நாங்கள் பேசுவது எதிரொலித்தது.

ஓரிடத்தில் தண்ணீர் அசையாமல் பளபளவென்று கிடந்தது. குளிக்க நல்ல இடம் என்றாள் தங்கை. அவர் உடனே மறுத்தார். “அலை அடிச்சா அடியில கல்லு இருக்குன்னு தெரியும். இப்படிச் சும்மா இருக்கிற இடம்தான்மா ஆழம்.” பாறைச் சுவரை ஒட்டி ஒரு காய்ந்த இலை மிதந்து வந்தது. ஆறு போகிற திசைக்கு எதிராகப் போனது அந்த இலை! சுவரில் மோதித் திரும்புகிற நீரோட்டம் அது. திரும்பி வரும்போது அவர் அந்த ஓட்டத்தில்தான் பரிசலைச் சேர்த்தார். பாதித் தூரத்துக்குத் துடுப்பே போடவில்லை.

பரிசல் போக முடியாத இடத்தில் எங்களை இறக்கிவிட்டு, அதைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாறை மேல் நடந்தார். பாறை கொதித்தது, செருப்பு இல்லாமல் போகாதீர்கள். வழியில் பாறையில் குடைந்தது போல வட்டக் குழிகள். ஒன்றுக்குள் கைவிட்ட குழந்தை உருண்டைக் கற்களை எடுத்தாள். வெள்ளத்தில் அந்தக் கற்கள் உள்ளேயே சுற்றிச் சுற்றித்தான் குழி ஆழமாகிறது என்று அவர் சொல்லிக்கொடுத்ததும், எடுத்ததை எடுத்த இடத்திலேயே போட்டாள்.

அப்புறம்தான் நீர்நாய்களைப் பார்த்தோம். எதிர்க்கரையில் ஒரு கூட்டம், கீச்சென்ற விசில் சத்தம். ஒன்று மீனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடித்தது. முள் நொறுங்குவது எங்களுக்குக் கேட்டது. அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். “வலையை அறுத்துடும், மீன் பிடிக்கிறவங்களுக்கு ஆகாது. ஆனா இதுங்க ஆறுதானே இது” என்றார். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்களே, அதில் இந்த நீர்நாய்களும் முதலைகளும் சேர்த்தி. அறிவிப்பைப் படித்தபோது வராத சந்தோஷம் அங்கே வந்தது.

பக்கத்துப் பரிசலில் இளைஞர்கள் “இன்னும் வேகமா சுத்துங்கண்ணே” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அப்படி வற்புறுத்தாதீர்கள். ஆழமான இடத்தில் ஒருவர் சாய்ந்தாலும் எல்லோருக்கும் ஆபத்து. பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஓட்டிதான். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும், அன்றைக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. ஆனாலும் எங்கள் பரிசல் ஓட்டி அந்தத் தடையைக் குறை சொல்லவே இல்லை.

தமிழக எல்லையில் காவிரி நீர்வரத்தை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. கிளம்பும் முன் அங்கே அன்று விநாடிக்கு எவ்வளவு கன அடி என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். ஒகேனக்கல்லில் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அக்காக்கள் இருக்கிறார்கள். பரிசல் ஏறும் முன்பே கொடுத்துவிட்டால், இறங்கி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். காரம் கொஞ்சம் தூக்கல். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.