மறு: 'பிரேக் டவுன்': தறிக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களும் தறியைப் பழுது பார்க்கும் பிட்டர்களும் படிக்க வேண்டியது. 'பிரேக் டவுன்' என்பதற்குத் தமிழ்ச் சொல், இந்த ஒன்றுதான் பாக்கி.

> 'முறிவு' என்றே வையுங்கள். பேச்சு முறிந்தது என்கிறோமே.

பேச்சுக்குச் சரி ஐயா. ஆங்கிலத்தில் எந்திரம் நின்றாலும், ஆள் மனமுடைந்து அழுதாலும், செலவை இனவாரியாகப் பிரித்தாலும், வயிற்றில் உணவு சிதைந்தாலும் இதே வினைதான். நமக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கும்போது எல்லாவற்றையும் ஏன் ஒன்றில் அடைக்க வேண்டும்? தறியில் முறிவு என்றால் ஷாப்ட் (சுழல்தண்டு) முறிந்தது என்றுதான் பிட்டர் எடுத்துக்கொள்வார். மோட்டாரின் கம்பிச்சுருள் கருகினால் எது முறிந்தது?

கரூர் அண்ணன் சொன்ன 'செயலறவு' தூய தமிழ்தான், தறிக்குடோனில் (தறி ஓடும் கொட்டகையில்) யாருக்கும் விளங்காது.

என் வாக்கு 'பழுது'க்கு. தொல்காப்பியர் உரியியலில் 'பழுது பயமின்றே' என்கிறார். பயன் இல்லாமல் போவது. இன்றும் லாரி பழுதாகி நின்றது என்றுதான் எழுதுகிறோம்.

ஆனால் நிற்பதெல்லாம் பழுதில்லை. ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும்; நிற்காவிட்டால்தான் கோளாறு. நூலைச் சேர்த்தோ தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) மாற்றியோ மறுபடி ஓட்டிவிடுவார்கள். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக் உடைந்து நின்றால் அது பழுது. இரண்டுக்கும் 'தறி நின்னுபோச்சுங்க' என்றுதான் சொல்வார்கள். அதனால் ஷிப்ட் பதிவேட்டில் 'நிறுத்தம்', 'பழுது நிறுத்தம்' என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். பழுதான பின் பார்ப்பது 'பழுதுப் பராமரிப்பு'. முன்கூட்டிப் பார்ப்பது 'வருமுன் பராமரிப்பு'.

இதுவரை நான்கு பேர் பழுதுக்குச் சம்மதம். வேறு தடை உண்டா?

---

அன்புடையீர்,

'முறிவு' என்று வைக்கச் சொன்னவன் நான்தான்; ஆனாலும் அச்சுக்கு அனுப்புங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. 'பழுதுப் பராமரிப்பு' என்பதில் 'ப்' என்னும் ஒற்றெழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். 'பழுது' போல, ஒற்று இரட்டிக்காத உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தின் (முந்திய எழுத்து உயிரில் முடிய, இறுதியில் வரும் குறுகிய உகரம்) முன் வேற்றுமையிலும் வல்லெழுத்து மிகாது என்பது நன்னூல் விதி.

முறிவை நான் விடவில்லை. பழுது என்பது நிலை. ஓடிக்கொண்டிருந்தது நடுவழியில் அற்றுப்போன நிகழ்ச்சியை அது சொல்லாது. அடுத்த பதிப்புக்குள் விரிவாக எழுதுகிறேன்.