சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குப் பாய்மரப் படகில்: அனுபவசாலிகள் வழிகாட்டுங்கள்

வணக்கம். நானும் என் கணவரும் வரும் பிப்ரவரி இறுதியில் எங்கள் 32 அடிப் பாய்மரப் படகில் போர்ட் பிளேயருக்குப் புறப்பட விரும்புகிறோம். வேறு ஆள் இல்லை, நாங்கள் இருவர்தான். இதுவரை புதுச்சேரியைத் தாண்டியதில்லை.

நேர்கோட்டில் சுமார் 740 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகம் கிடைத்தாலும் ஆறு நாளுக்கு மேல் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஏப்ரல், மே மாதங்களிலும் வங்கக் கடலை நம்ப முடியாது. இடையில் கிடைக்கும் மாதங்களிலோ காற்று வடகிழக்கிலிருந்து வீசும். கிழக்கே போகிற எங்களுக்கு அது கிட்டத்தட்ட எதிர்க்காற்று. மார்ச் வரை பொறுத்தால் தணியுமா, அல்லது பாய் அசையாமல் கிடக்க நேருமா? காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் அண்ணன்மார் சொன்னால் பேருதவி.

காற்றைவிட எனக்குப் பெரிய பயம் தூக்கம்தான். நான் கீழே உறங்கும்போது அவர் தளத்திலிருந்து தவறி விழுந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. இருட்டியபின் பாதுகாப்புக் கயிற்றை மாட்டாமல் யாரும் மேலே வரக் கூடாது என்று இப்போதே சத்தியம் வாங்கிவிட்டேன். 2024-25இல் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் தாரிணி படகில் உலகையே சுற்றி வந்தார்கள்; எனக்குத் துணிவு தந்தவர்கள் அவர்கள்தான்.

இருவர் மட்டும் போனவர்கள் இரவுக் காவலை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்? மூன்று மணி நேரமா, நான்கா? காற்றால் இயங்கும் தானியங்கிச் சுக்கானைச் சரிபார்க்கத் தெரிந்தவர் சென்னையில் இருக்கிறாரா? திட்டமே தவறென்று தோன்றினாலும் தயங்காமல் எழுதுங்கள்.